மிஸ்டர் பீன் டிவிடி பெட்டி: பழையதை வாங்கலாமா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் மிஸ்டர் பீன் டிவிடி பெட்டி கண்ணில் பட்டால், விலை பேசுமுன் அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். தட்டு எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்று காட்டும் எண்தான் ரீஜன்: நம் நாட்டுக்கு ரீஜன் 5, பிரிட்டன் பதிப்பு ரீஜன் 2, அமெரிக்கப் பதிப்பு ரீஜன் 1. எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் வீட்டில் இருந்தால் கவலையில்லை. கணினி டிரைவில் ரீஜனை ஐந்து தடவைதான் மாற்ற முடியும், அதோடு பூட்டிக்கொள்ளும்.

அடுத்தது தட்டு. குளச்சல், முட்டம் மாதிரி கடலோர ஊர்களில் கிடந்த தட்டென்றால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஊசித்துளை மாதிரி வெளிச்சம் கசிந்தாலோ, விளிம்பில் பழுப்பு படர்ந்திருந்தாலோ உள்ளே அலுமினியப் படலம் போய்விட்டது, துடைத்துப் பயனில்லை. மேலாகப் பிடித்த பூஞ்சை என்றால் ஈரப் பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தால் போகும். வட்டமாகத் தேய்க்காதீர்கள், தடத்தோடு ஓடும் கீறலை பிளேயரால் சமாளிக்க முடியாது.

சரக்கு முதல் தட்டில்தான் இருக்கிறது. 1990 ஜனவரி 1 அன்று பிரிட்டனின் ஐ.டி.வி. சேனலில் வந்த முதல் பகுதியில் பரீட்சை, கடற்கரை, தேவாலயம் என மூன்று காட்சிகள். தேவாலயத்தில் பாட்டுப் புத்தகம் இல்லாமல் நிற்கும் பீன், ‘அல்லேலூயா’ வரும் இடத்தில் மட்டும் தொண்டை கிழியப் பாடுவார். ஒரு மிட்டாயைச் சத்தமில்லாமல் வாய்க்குக் கொண்டுபோக அவர் படும் பாடு தனி. ஞாயிறு ஆராதனைக்குப் போய்ப் பழகிய நம் ஊர் வீடுகளில் இதற்கு விளக்கமே வேண்டாம். பீனாக நடித்த ரோவன் அட்கின்சன் சிறு வயதில் டர்ஹம் பேராலயப் பாடகர் பள்ளியில் படித்தவர்; அந்த இருக்கையின் அவஸ்தை அவருக்குத் தெரியாததா!

1955-ல் இங்கிலாந்தின் கான்செட் ஊரில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர். நியூகாசிலில் மின் பொறியியல் படித்துவிட்டு, முதுகலைக்கு ஆக்ஸ்போர்டு போனார். (எஞ்சினியரிங் முடித்துவிட்டு நடிக்கப் போகும் பிள்ளைகள் நம் மாவட்டத்துக்கும் புதிதில்லை.) அங்கேதான் எழுத்தாளர் ரிச்சர்ட் கர்ட்டிஸும் இசையமைப்பாளர் ஹோவர்ட் குடாலும் கூட்டுச் சேர்ந்தார்கள், பீனுக்கு விதை விழுந்ததும் அங்கேதான். அட்கின்சனுக்குத் திக்குவாய் உண்டு, வேறொருவராக நடிக்கும்போது விட்டுப்போகும். 1979-ல் பி.பி.சி. நகைச்சுவைத் தொடர், 1983-ல் ‘பிளாக்ஆடர்’. இரண்டும் முழுக்க வாய்ப்பேச்சு. ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடாக இருந்தால் தவிர சிரிப்பு வராது. பீனுக்கு அந்தத் தொல்லை கிடையாது. 1987-ல் கனடாவின் மொன்றியால் விழாவில், பிரெஞ்சு பேசும் கூட்டத்துக்கு முன்னால் வேண்டுமென்றே இந்தப் பாத்திரத்தை இறக்கிச் சோதித்துப் பார்த்திருக்கிறார்.

டிவியில் படத்தை 4:3 அளவில் வையுங்கள். ‘வைட்’ வைத்தால் முகம் பூசணியாக அகலும், ‘ஜூம்’ வைத்தால் புருவம் வெட்டுப்படும். புருவம் போனால் பீனில் பாதி போச்சு.

தொலைக்காட்சியில் வந்தவை 14 பகுதிகள். முடிதிருத்தகப் பகுதி முதலில் வீடியோ நாடாவில் வந்தது, சில பெட்டிகளில் இருக்காது. அதற்காகக் கூடுதல் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். முதல் தட்டில் கீறல் இருந்தால் பெட்டியையே விட்டுவிடுங்கள்.