பத்து வாரக் கோடை ஆய்வு: இரு திட்டங்களைப் பற்றி

அமெரிக்காவில் கணினி அறிவியல் பயிலும் கறுப்பின, ஹிஸ்பானிய, பூர்வகுடி மாணவர்கள் இளங்கலையிலேயே ஆய்வகத்துக்குள் நுழைவதற்கான வழிகளில், ஆர்.இ.யூ. (REU, இளங்கலை மாணவருக்கான ஆய்வு அனுபவம்), டி.ஆர்.இ.யூ. (DREU, அதையே பல பல்கலைக்கழகங்களில் தனித்தனியாகப் பரவலாக்கிய வடிவம்) என்னும் இரு கோடைத் திட்டங்களை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987-இல் தொடங்கிய ஆர்.இ.யூ. எல்லா அறிவியல் துறைகளுக்கும் எல்லாப் பிரிவு மாணவர்களுக்கும் உரியது. ஆயினும், மாணவர்களைக் குழுவாக ஏற்று நடத்தும் ஒவ்வோர் ஆய்வுத் தளமும் தன் மாணவர்களில் பாதிப் பேரையாவது ஆய்வு வாய்ப்பு குறைந்த கல்லூரிகளிலிருந்து சேர்க்க வேண்டும் என்ற விதி, சிறிய கல்லூரிகளில் பயில்வோருக்கு உண்மையாகவே உதவுகிறது. உதவித்தொகையாக வாரத்திற்கு 600 முதல் 700 டாலர் வரை கிடைப்பதைச் சிறிய செய்தியாகக் கருதிவிடக் கூடாது. ஊதியமில்லாத ஆய்வுப் பணி என்பது, கோடை விடுமுறையில் சம்பாதிக்க வேண்டிய தேவை இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே கிட்டுகிற வாய்ப்பாகிவிடும். ஒரு தளத்தில் ஏறத்தாழ பத்துப் பேர் சேர்ந்து தங்குவதால், குழம்பி நிற்பது தான் ஒருத்தி மட்டுமல்ல என்று மாணவி அறிந்துகொள்கிறாள். என் பார்வையில் இதுவே இத்திட்டத்தின் தலைசிறந்த பயன்.

கணினி ஆய்வுச் சங்கம் நடத்தும் டி.ஆர்.இ.யூ.வின் இயல்பு வேறு. 1994-இல் பெண் மாணவர்களை மனத்தில் வைத்துத் தொடங்கிப் பின்னர் பிற பிரிவினருக்கும் விரிந்த இது, மாணவரை வேறொரு பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஒருவரிடம் நேரடியாக இணைக்கிறது. அந்தப் பேராசிரியர் நேரம் ஒதுக்கினால் இதற்கு ஈடான பயிற்சி அரிது. ஒதுக்காவிட்டால் தரவைச் சுத்தம் செய்தே பத்து வாரங்களும் கழிந்துவிடக் கூடும், அருகில் புலம்புவதற்கும் ஆள் இருக்காது.

இத்தகைய திட்டங்களின் பொதுக் குறை, விண்ணப்பத்துடன் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் கேட்பது. முந்நூறு பேர் அமரும் வகுப்பில் பெயர்கூடத் தெரியாத மாணவிக்கு எந்த ஆசிரியர் எழுதித் தருவார்? விண்ணப்பக் காலம் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே முடிந்துவிடுவதும், கல்லூரியில் யாரும் முன்கூட்டிச் சொல்லாதவர்களையே வெளியே நிறுத்துகிறது. அறக்கட்டளையின் நிதியில் உதவித்தொகை பெற அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும் என்பதால், குடியேற்ற ஆவணமற்ற மாணவர்களுக்கு அந்தக் கதவும் அடைபட்டிருக்கிறது.

முதன்முறை ஆய்வுக்கு வருவோர் ஆர்.இ.யூ.வையும், எந்தக் கேள்வியை ஆராய வேண்டுமென்று ஓரளவு தெளிந்தோர் டி.ஆர்.இ.யூ.வையும் தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவதில் இடம் கிடைத்தால், வாரத்தில் எத்தனை மணி நேரம் தாமே உடனமர்ந்து பேசுவார் என்று, ஒப்புக்கொள்வதற்கு முன்பே பேராசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.