நெருக்கடியின் தழும்பை அளக்க உலக வங்கித் தரவுத்தளம்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

2008 நிதி நெருக்கடியானாலும் 2020 பெருந்தொற்றானாலும், "பொருளாதாரம் மீண்டுவிட்டது" என்ற செய்தி வந்தவுடன் பேச்சு அடங்கிவிடுகிறது. நிஜமாகவே மீண்டதா என்று காசு செலவில்லாமல் சரிபார்க்க உலக வங்கியின் திறந்த தரவுத்தளத்தைவிட நல்ல தொடக்கம் இல்லை. 2010 முதல் இலவசம். 217 பொருளாதாரங்கள், சுமார் 1,400 குறியீடுகள் (வருமானம், வேலையின்மை போன்ற அளவீடுகள்), பலவற்றுக்கு 1960 தொட்டு ஆண்டுவாரி எண்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் எடுத்தாளலாம்.

தவறு பெரும்பாலும் முதல் தேடலிலேயே நடக்கிறது. எல்லோரும் எடுப்பது ஜிடிபி (மொத்த உள்நாட்டு உற்பத்தி) வளர்ச்சி விகிதம். உலக உற்பத்தி 2020-ல் ஏறக்குறைய 3 சதவீதம் சுருங்கி, 2021-ல் 6 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது என்று அது காட்டும். பார்ப்பவருக்குக் காயம் ஆறிவிட்டதாகவே தோன்றும். ஆண்டுக்கு 3 சதவீதம் வளர்ந்துவந்த ஒரு நாட்டை 100 என்று வையுங்கள். நெருக்கடி வராவிட்டால் இரண்டாண்டில் 106.1 ஆகியிருக்கும். முதலாண்டு 5 சதவீதம் விழுந்து, அடுத்த ஆண்டு 4 சதவீதம் எழுந்தால் 98.8. வளர்ச்சி விகிதம் முன்பைவிட அதிகம், ஆனால் போயிருக்க வேண்டிய இடத்துக்கும் நிற்கும் இடத்துக்கும் கிட்டத்தட்ட 7 சதவீத இடைவெளி. நீண்டகால பாதிப்பு என்பது இந்த இடைவெளிதான்.

அதனால் எடுக்க வேண்டியது மாறா விலையில், அதாவது விலைவாசி உயர்வை நீக்கிக் கணக்கிட்ட, தனிநபர் ஜிடிபி. நெருக்கடிக்கு முந்தைய சராசரி வளர்ச்சியைக் கணக்கிட்டு, அதே கோட்டை முன்னோக்கி நீட்டி, நிஜ எண்ணோடு ஒப்பிடுங்கள். 2020-ஐ ஆராய்வதானால் அந்தச் சராசரியை 2011-லிருந்து தொடங்குவது நல்லது. 2010-ன் வளர்ச்சி 2009 சரிவிலிருந்து எழுந்த வேகம். அதைச் சேர்த்தால் கோடு செயற்கையாகச் செங்குத்தாகி, இழப்பு பெரிதாகத் தெரியும்.

ஒவ்வொரு குறியீட்டுக்கும் உள்ள பக்கத்தில் சிஎஸ்வி (எக்செல்லில் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பு) கேட்டால் மூன்று கோப்புகள் கொண்ட ஒரு ஜிப் வரும். தரவுக் கோப்பில் முதல் நான்கு வரிகளைத் தள்ளிவிட்டுத்தான் தலைப்பு வரி. நாடுகளோடு "உலகம்", "அரபு நாடுகள்", வருமானப் பிரிவுகள் போன்ற தொகுப்பு வரிசைகளும் கலந்திருக்கும். மொத்தக் கூட்டல் போட்டால் ஒரே நாடு பலமுறை எண்ணப்படும். நாடுகளுக்கான மெட்டாடேட்டா (விவரக் குறிப்பு) கோப்பில் பிராந்தியக் கட்டம் காலியாக உள்ளவையெல்லாம் தொகுப்புகள். அதை வைத்து வடிகட்டுங்கள். உலக வங்கியின் இன்னொரு இணையக் கருவியான டேட்டாபேங்க் வழியாக எடுத்தால் விடுபட்ட எண்ணுக்குப் பதில் இரண்டு புள்ளிகள் இருக்கும். எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொள்வதால் கணக்கிடுவதற்கு முன் அவற்றைக் காலியாக்கிவிட வேண்டும்.

வேலைவாய்ப்புப் பகுதி பயனுள்ளது, ஆனால் வேலையின்மை விகிதத்தை மட்டும் நம்பக் கூடாது. தேடி அலுத்து, தேடுவதையே விட்டவர் அந்தக் கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறார். விகிதம் குறையவும் கூடும். 15 வயதுக்கு மேற்பட்டோரில் வேலையில் இருப்போர் பங்கைப் பாருங்கள், ஆண் பெண் தனித்தனியாக. இங்கே இரண்டு தொடர்கள் உண்டு: ஐஎல்ஓ (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) கணித மாதிரியால் போடும் மதிப்பீடு, தேசிய மதிப்பீடு. முதலாவதில் கணக்கெடுப்பு நடக்காத ஆண்டுகளையும் அந்தக் கணித மாதிரி வைத்து நிரப்பியிருப்பார்கள். நாடுகளை ஒப்பிட அது சரி. ஒரு நாட்டுக்குள் நெருக்கடி என்ன செய்தது என்பதற்கு, இடைவெளிகள் இருந்தாலும் தேசியத் தொடரே நேர்மையான சாட்சி.

இந்தத் தளத்தின் பெரிய பலவீனம் கல்வி. பள்ளிச் சேர்க்கை விகிதம் தடங்கலின்றிப் பழைய கோட்டிலேயே ஓடுவதைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் உண்டு. பெயர் பதிவேட்டில் இருப்பது வேறு, பிள்ளைக்குப் படிக்கத் தெரிவது வேறு. பத்து வயதில் ஒரு எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாத நிலையைக் கற்றல் வறுமை என்கிறார்கள். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் தொற்றுக்கு முன் 57 சதவீதமாக இருந்த இது சுமார் 70 சதவீதமாகியிருக்கும் என்று 2022-ல் உலக வங்கியும் பிற அமைப்புகளும் கணித்தன. இதில் 70 என்பது தேர்வு வைத்து எண்ணியது அல்ல, கணினி மாதிரியில் போட்ட உத்தேசக் கணக்கு. ஒரு தலைமுறையின் சம்பாத்தியத்தையே தீர்மானிக்கக்கூடிய இழப்புக்கு நேரடி அளவீடு இவ்வளவு குறைவாக இருப்பது வேதனை. இந்தப் பொருளில் எழுதுகிறவர்கள் அந்த எண்ணை "மதிப்பீடு" என்ற சொல் இல்லாமல் பயன்படுத்தவே கூடாது.

வறுமை எண்களில் கோடே நகர்ந்திருக்கிறது. தீவிர வறுமைக் கோடு 2022-ல் நாளொன்றுக்கு 1.90 டாலரிலிருந்து 2.15 ஆகவும், 2025-ல் 3.00 ஆகவும் மாறியது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒட்டினால் நெருக்கடியே உண்டாக்காத ஒரு தாவல் தெரியும். அரசுக் கடனுக்கு இங்கே இடைவெளிகள் அதிகம். அதற்கு ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) தரவு மேல்.

முடிந்த ஆண்டுகளின் எண்களும் திருத்தப்படுகின்றன என்பதால், இறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்து வையுங்கள். முந்தைய பதிப்புகள் டேட்டாபேங்கின் காப்பகத்தில் கிடைக்கும். 2020 பற்றி அப்போது என்ன சொன்னார்கள், இப்போது என்ன சொல்கிறார்கள் என்று ஒப்பிட அதைத்தான் திறக்க வேண்டும்.