பயன்படுத்திய டெலி ஜூம் லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

மூன்று மாதச் சம்பளம் போய்விட்டது. பதிலுக்கு என் மேஜைமேல் இரண்டு கிலோ எடையில் ஒரு லென்ஸ் உட்கார்ந்திருக்கிறது. 600 மி.மீ.க்கு, அதாவது ஜூமின் கடைசித் தூரத்துக்கு, திருப்பினால் படத்தின் வலது பக்கம் முழுக்க மங்கல். விற்ற ஆள் போனை எடுப்பதில்லை. நடுவில் நின்று பணம் வாங்கிய இணையதளம் நேற்று மாலை “உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது” என்று ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டது. யார் எதை முடித்துவைத்தார்கள்? என் பணம் இன்னும் திரும்பி வரவில்லையே!

தளத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, புகாரை மேலே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. பயன்படுத்திய கேமராவும் லென்ஸும் மட்டுமே விற்கிற, ஒவ்வொரு பொருளின் படத்துக்கும் கீழே “எங்கள் நிபுணர்கள் பரிசோதித்தது” என்று பச்சை முத்திரை போடுகிற வகைத் தளம் என்று மட்டும் சொல்கிறேன். லென்ஸ் செய்த நிறுவனத்தின் பெயரும் வேண்டாம், அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

பறவை எடுக்க ஆரம்பிக்கிற எல்லோருக்கும் நடப்பதுதான் எனக்கும் நடந்தது. 300 மி.மீ.யில் ஒரு மீன்கொத்தியை எடுத்தால் படத்தின் நடுவே நீலப் புள்ளி ஒன்று தெரியும், அவ்வளவுதான் (மி.மீ. எண் கூடக் கூடத்தான் தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும்). 600 மி.மீ. எஃப் 4 போன்ற பெரிய, ஜூம் இல்லாத ஒற்றைத் தூர லென்ஸ்கள் நம்மைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்களுக்கு எட்டாத விலை. ஆகவே எல்லோரும் வந்து சேருகிற இடம் 150 முதல் 600 மி.மீ. வரை ஜூம் தூரம் உள்ள 150-600 வகைதான். டாம்ரான் 2013 கடைசியில் அந்தத் தூரத்தில் ஒன்றை அறிவித்தது, மறு வருஷமே சிக்மா அதே தூரத்தில் இரண்டு லென்ஸ் கொண்டுவந்தது, ஒன்று இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, இன்னொன்று மூன்று கிலோவை நெருங்கும். 2015-இல் நிக்கானின் 200-500, 2019-இல் சோனியின் 200-600. இவற்றில் சோனியினது மிரர்லெஸ் கேமராவுக்கானது, மற்றவற்றை டிஎஸ்எல்ஆரில் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள பழைய வகைக் கேமரா) மாட்டி வைத்திருந்த நிறையப் பேர் மிரர்லெஸ்ஸுக்கு (அந்தக் கண்ணாடி இல்லாத புதிய வகை) மாறுகிறார்கள், பழைய லென்ஸை விற்கிறார்கள். அதனால் பயன்படுத்தியதில் வாங்குவது புத்திசாலித்தனமான யோசனைதான், அதை நான் இன்றைக்கும் மாற்றிச் சொல்ல மாட்டேன். யாரிடம், எதைப் பார்த்து வாங்குகிறோம் என்பதில்தான் ஏமாற்று வேலை நடக்கிறது.

லென்ஸை விற்ற அந்த ஆள் என்னிடம் பேசிய விதத்தை விவரமாகச் சொல்லியாக வேண்டும். பசப்பு வார்த்தை ஒன்றுகூட அவர் வாயில் வரவில்லை. விஷயம் தெரிந்தவராகவே பேசினார். “அக்கா, ட்ரைபாட்ல வெச்சு எடுக்கும்போது ஸ்டெபிலைசரை மறக்காம ஆஃப் பண்ணிடுங்க, இல்லேன்னா அதுவே படத்தை ஆட்டிடும்” என்றார் (ஸ்டெபிலைசர் என்பது கை ஆட்டத்தைச் சரிக்கட்டும் வசதி). “முன்னாடி 95 மி.மீ. ஃபில்டர் போடணும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, மலிவான ஃபில்டர் போட்டா 600-ல படம் சோப்பு போட்ட மாதிரி ஆயிடும், ஹுட் போதும்” என்றார் (ஹுட் என்பது லென்ஸ் முன்னால் மாட்டும் மறைப்புக் குழல்). எல்லாம் உண்மை. பணத்தைப் பார்க்கிற வியாபாரி இதையெல்லாம் எதற்குச் சொல்லப் போகிறான், தானும் பறவை எடுக்கிற ஆள்தான், லென்ஸ் நல்ல கைக்குப் போகட்டும் என்று நினைக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. வீடியோ அழைப்பில் டார்ச் அடித்து உள்ளே காட்டினார். ஜூம் வளையத்தைத் திருப்பிக் காட்டினார். மாதிரிப் படங்கள் அனுப்பினார், இறகு இறகாக எண்ணலாம் போலக் கூர்மை. தளத்தின் பச்சை முத்திரை வேறு. அன்று இரவே பணத்தைக் கட்டினேன். மூன்று மாதச் சம்பளம்.

அந்த மாதிரிப் படங்களின் தகவலைப் பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். 300, 350, 400 மி.மீ. அப்பெர்ச்சர் (ஒளி நுழையும் துளை, எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்) எல்லாம் எஃப் 8, எஃப் 11. பறவை எல்லாவற்றிலும் நட்ட நடுவே. 600-இல் எடுத்தவை இரண்டே இரண்டு, இரண்டும் அளவு சுருக்கி அனுப்பியவை. டார்ச் அடித்ததும் நேர் நடுவில் மட்டும்தான். எது எங்கே தெரியும், எதைச் செய்தால் தெரியாது என்று அந்த ஆளுக்கு அத்துப்படி. தெரியாமல் விற்றவர் இப்படிப் பொறுக்கி எடுத்து அனுப்ப மாட்டார்.

இந்த வகை லென்ஸுக்குள் ஏறக்குறைய 20 கண்ணாடிகள் இருக்கின்றன. நாம் ஜூம் செய்யும்போது அவை கூட்டம் கூட்டமாக முன்னும் பின்னும் நகர்கின்றன. லென்ஸ் ஒரு தடவை கீழே விழுந்தோ, தெரியாத கை பிரித்துப் பூட்டியோ அதில் ஒரு கூட்டம் மயிரிழை சாய்ந்துவிட்டால், குறைந்த மி.மீ.யில் வித்தியாசம் லேசில் தெரியாது. அப்பெர்ச்சரைச் சற்று மூடி, துளையைச் சிறிதாக்கினாலும் அந்தக் குறை பெரும்பாலும் ஒளிந்துகொள்ளும். கடைசித் தூரம், முழுக்கத் திறந்த அப்பெர்ச்சர், இரண்டும் சேரும்போதுதான் ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் மங்கல் என்று குட்டு வெளிப்படும். ஆனால் பறவை எடுக்க இந்த லென்ஸை வாங்குகிறவர் முக்கால்வாசி நேரம் பயன்படுத்தப் போவது அந்த 600-ஐத்தான், அதுவும் அதிகாலை வெளிச்சத்தில் முழுக்கத் திறந்துதான்! எதற்காக வாங்குகிறோமோ அந்த ஒரு வேலைக்கு உதவாத லென்ஸை நல்ல லென்ஸ் என்று சொல்லி விற்கிறார்கள்.

வந்த அன்றே குளக்கரைக்கு எடுத்துப் போனேன். மீன்கொத்தி கிளையில் இடதுபுறம் உட்கார்ந்தபோது அலகு நுனி வரைக்கும் தெளிவு. அதே பறவை, அதே தூரம், அதே ஷட்டர் வேகம், சட்டகத்தின் வலதுபுறம் வருகிற மாதிரி கேமராவைத் திருப்பி எடுத்தால் கண்ணைச் சுற்றி ஒரு நிழல் ஒட்டிக்கொண்டது. சரி, கானலாக இருக்கலாம், பறவை அசைந்திருக்கலாம் என்று வீட்டுக்கு வந்து சுவரில் செய்தித்தாளை ஒட்டினேன். ட்ரைபாட், ஸ்டெபிலைசர் அணைப்பு, டைமர், லைவ் வியூவில் ஃபோகஸ். இடது ஓரத்தில் வரி விளம்பரத்தின் பொடி எழுத்துகூடப் படிக்க வந்தது. வலது ஓரத்தில் ஒவ்வொரு எழுத்தும் தன்மேல் தானே இன்னொரு தடவை அச்சான மாதிரி இரட்டையாகத் தெரிந்தது. தாள் கோணலாக இருக்குமோ என்று காலரை (லென்ஸை ட்ரைபாடில் பிடிக்கும் வளையம்) தளர்த்தி, லென்ஸோடு கேமராவைத் தலைகீழாகச் சுற்றி எடுத்தேன். தாளில் குறை இருந்தால் மங்கல் தாளோடு போயிருக்க வேண்டும். போகவில்லை, சட்டகத்தின் அதே பக்கத்தில் நின்றது. அப்புறம் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் உள் கண்ணாடி ஒன்றின் விளிம்பில் மெல்லிய நூல்நூலாகப் பூஞ்சை. பின்பக்க மவுன்ட் (கேமராவில் மாட்டும் வளையம்) திருகுகளில் இரண்டின் தலை கீறிக் கிடந்தது.

இதன் பிறகு நடந்ததுதான் லென்ஸைவிடப் பெரிய கொடுமை.

தளத்துக்கு எழுதினேன். முதலில் வந்த பதில்: “மேடம், இது கனமான லென்ஸ், கை ஆடியிருக்கலாம்.” ட்ரைபாட் படங்களை, ட்ரைபாட் தெரிகிற மாதிரி இன்னொரு படத்தோடு, மறுபடி அனுப்பினேன். அடுத்தவர் வந்து எஃப் 11-க்கு மூடி எடுத்துப் பார்க்கச் சொன்னார். எஃப் 6.3 என்று எழுதிக் காசு வாங்கிய லென்ஸை நான் ஏன் எஃப் 11-இல் மட்டும் பயன்படுத்த வேண்டும்? மூன்றாவதாக வந்தவர் “படத்தின் தரம் ஒவ்வொருவர் பார்வையைப் பொறுத்தது” என்று எழுதினார். எழுத்து இரட்டையாகத் தெரிவதில் என்ன பார்வை? ஒவ்வொரு தடவையும் புது ஆள், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும், ஒவ்வொரு பதிலுக்கும் இடையில் ஒரு நாள் இழுப்பு. இப்படியே திருப்பி அனுப்பும் கெடு தாண்டிவிட்டது. தாண்டியதும் மட்டும் பதில் உடனே வந்தது: “கெடு முடிந்துவிட்டதால் எங்களால் எதுவும் செய்ய இயலாது.”

விற்றவர் ஒரே ஒரு தடவை போனை எடுத்தார். “அக்கா, என்கிட்ட இருந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு, கூரியர்ல அடி பட்டிருக்கும்.” அதைத் தளத்திடம் சொன்னால், பெட்டி பிரித்த வீடியோவில் பெட்டி நசுங்காமல் இருக்கிறது, ஆகவே கூரியர் சேதம் இல்லை என்றார்கள். அப்படியானால் வரும்போதே குறையோடுதானே வந்தது என்று கேட்டால், வீடியோவில் திருகுகள் அருகில் தெரியவில்லையாம்!

கடைசியில் போனில் கிடைத்த ஒரு பெண்ணிடம் கேட்டேன், உங்கள் நிபுணர்கள் என்னதான் பரிசோதித்தார்கள்? அவர் பட்டியலை வாசித்தார்: வெளித்தோற்றம், மவுன்ட், ஆட்டோஃபோகஸ், ஜூம் வளையம், ஸ்டெபிலைசர். “600-இல் ஒரு படமாவது எடுத்துப் பார்த்தீர்களா அம்மா?” கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அது எங்க லிஸ்ட்ல இல்லை மேடம்.” பாவம், அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் 600 மி.மீ. லென்ஸை 600-இல் ஒரு தடவைகூடப் பார்க்காமல் அந்தப் பச்சை முத்திரையைக் குத்துகிறவர்களை என்னவென்று சொல்வது? அதை நம்பித்தானே மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்தேன்.

லென்ஸ் பழுதுபார்க்கிறவர் ஒருவரிடம் காட்டினேன். விழுந்திருக்கிறது, யாரோ பிரித்திருக்கிறார்கள், உள்ளே ஒரு கூட்டம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, கருவி வைத்து நேராக்க வேண்டும் என்றார். அதற்கு அவர் சொன்ன கூலி நான் கொடுத்ததில் கிட்டத்தட்டப் பாதி. பூஞ்சையைத் துடைக்கலாம், ஆனால் அது மேல்பூச்சை அரித்திருந்தால் அரித்ததுதான், திரும்ப வராது.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை, அவசியமானதை மட்டும் சொல்கிறேன். கடைசித் தூரத்தில், முழுக்கத் திறந்த அப்பெர்ச்சரில், சுவரில் ஒட்டிய அச்சுத்தாளை இன்றைய தேதியில் எடுத்து, சுருக்காத மூலக்கோப்பை அனுப்பச் சொல்லுங்கள். நாலு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். அனுப்ப முடியாது என்றால் அத்தோடு பேச்சை நிறுத்துங்கள், பறவைப் படம் எத்தனை அனுப்பினாலும் வேண்டாம். டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்த்து, விளிம்பைச் சுற்றி அடிக்கச் சொல்லுங்கள். திருகுத் தலைகளை அருகில் காட்டச் சொல்லுங்கள். பெட்டியில் இருக்கும் வரிசை எண்ணும் லென்ஸில் இருக்கும் வரிசை எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். 1.4 மடங்கு கன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டித் தூரத்தைக் கூட்டும் துண்டு) இலவசம் என்றால் மயங்காதீர்கள், எஃப் 6.3 அதோடு எஃப் 9 ஆகிவிடும், பழைய டிஎஸ்எல்ஆர்கள் பலவற்றில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும் அல்லது நின்றே போகும். கீழே சாய்த்தால் குழல் தானாக இறங்குவது மட்டும் நல்ல லென்ஸிலும் உண்டு, அதற்குப் பயப்பட வேண்டாம், பூட்டு வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

பெட்டி பிரிக்கிற வீடியோவிலேயே திருகு, மவுன்ட், எண் மூன்றையும் நெருக்கமாக எடுத்துவிடுங்கள். வந்த அன்றே செய்தித்தாள் சோதனை. குறை தெரிந்தால் விவாதிக்கவே வேண்டாம், முதல் கடிதத்திலேயே “திருப்பி அனுப்புகிறேன், பணத்தைத் தாருங்கள்” என்று எழுதுங்கள். அவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தால் கெடு ஓடிவிடும். போனில் பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பி வையுங்கள், நாளைக்கு நுகர்வோர் புகாருக்கு அந்தக் காகிதம்தான் நிற்கும். என்னுடையதை இன்றிரவு அச்செடுத்து வரிசைப்படுத்த வேண்டும். இதே போலப் பச்சை முத்திரை லென்ஸ் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.