வேலை போனால் எந்த உதவி: எம்ப்ளாய்மென்ட் ஆபீஸா, இஎஸ்ஐயா?

2023 ஜூன் 12, திங்கட்கிழமை. ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் எங்கள் லைனிலிருந்து ஆறு பேரை மட்டும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். ஆர்டர் இல்லை, நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லி, ஆளுக்கொரு வெள்ளைத்தாளை நீட்டினார்கள். "சொந்தக் காரணத்தால வேலையை விடுறேன்னு எழுதிக் குடுத்துடுங்க, செட்டில்மென்ட் சீக்கிரம் ஆகும்." எனக்குப் பக்கத்தில் நின்ற மூத்த ஃபிட்டர் என் முழங்கையை லேசாக இடித்தார். வெளியே வந்ததும், "தம்பி, அதுல மட்டும் கையெழுத்துப் போடாத. நீயா விட்டேன்னு எழுதுனா நாளைக்கு இஎஸ்ஐல போய் என்ன சொல்லுவ?" என்றார். வேலை போனால் இஎஸ்ஐயில் பணம் தருவார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். தொழிலாளர் காப்பீடான அதற்குச் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தம் போனது; நான் அதை மாத்திரைக் கணக்கில் வைத்திருந்தேன்.

நான் இருப்பது கடலூர் முதுநகர். வேலை பார்த்தது புதுச்சேரித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி. இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். முள்ளோடையைத் தாண்டினால் வேறு அரசு. (முள்ளோடையைத் தாண்டுகிற எல்லோரும் வேலைக்குத்தான் போகிறார்கள் என்று சொல்ல மாட்டேன்.) அதனால் முதல் குழப்பமே, உதவி கேட்பதென்றால் எந்த ஊரில் கேட்பது என்பதுதான். டீக்கடையில் ஆளுக்கொரு யோசனை. எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் மாசாமாசம் தருகிறார்கள் என்றார் ஒருவர். பிஎஃபை எடுத்துவிடு என்றார் இன்னொருவர். மூன்றையும் விசாரித்து இஎஸ்ஐ வழியில் போனேன். அதனால் கீழே எழுதுவது அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் உதவித்தொகையை முதலில் முடித்துவிடுகிறேன். தமிழக அரசு தரும் இந்தப் பணம் பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து வங்கிக் கணக்கில் விழும், 3 ஆண்டுகள் வரை. பதிவு செய்து 5 ஆண்டு முடிந்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வயது 40க்குள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 45. மாற்றுத்திறனாளிகளுக்கு விதிகள் இளக்கம்: பதிவு செய்து ஓராண்டு போதும், வருமான வரம்பு இல்லை, 10 ஆண்டுகள் கிடைக்கும், தொகையும் 600 முதல் 1,000 வரை. பொறியியல், மருத்துவம், சட்டம் மாதிரித் தொழிற்படிப்பு முடித்தவர்களுக்குக் கிடையாது.

இந்த வரிசையைப் படித்ததுமே என் கதை அங்கே முடிந்தது. 72,000 என்றால் மாதம் 6,000. சம்பளப் பட்டியலில் பெயர் இருந்த யாரும் அதற்குள் அடங்க மாட்டார்கள். அது வேலை இழந்தவனுக்கான பணமே இல்லை, வேலை இதுவரை அமையாதவர்களுக்கானது. டீக்கடையில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

அந்தப் பணத்தை வாங்கியவள் என் கொழுந்தியாள். எனக்குத் தெரிந்தது அவள் வழியாகப் பார்த்தது மட்டும்தான். பி.ஏ. முடித்து 2016இல் பதிந்தாள். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2019இல் கெடு முடிகிற நாளன்று மாமனார் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே ஈரச் சட்டையோடு பிரவுசிங் சென்டருக்கு ஓடினார். புதுப்பிக்காமல் விட்டவர்களுக்கு அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை அறிவிப்பதுண்டு, ஆனால் அதை நம்பி உட்கார முடியாது. 2021இல் விண்ணப்பித்தாள், பணம் வந்தது. இரண்டாம் வருஷம் ஒரு காலாண்டு வரவில்லை. விசாரித்தால், ஆண்டுதோறும் தர வேண்டிய சுய உறுதிமொழியை இவள் தரவில்லை. நடுவில் தையல் மெஷின் ஒன்று வாங்கி ஜாக்கெட் தைக்கலாம் என்று ஆசைப்பட்டாள். சுயதொழில் செய்தால் உதவி கிடையாது என்பதால் தள்ளிப்போட்டாள். மாதம் 600 ரூபாய்க்காக ஒரு பெண் மூன்று வருஷம் தையலைத் தள்ளிப்போடுவது எனக்கு இன்றும் ஒப்பவில்லை. அவளிடம் கேட்டால், "மாமா, அந்த 1,800 ரூபா மூணு மாசத்துக்கு ஒருக்கா வரும்போதுதான் வீட்ல என் கைல காசுன்னு ஒண்ணு இருந்துச்சு" என்பாள்.

பிஎஃப் பற்றி இரண்டு வார்த்தை. நான் வேலை இழந்தபோது இருந்த விதி: ஒரு மாதம் வேலையில்லாமல் இருந்தால் 75 சதவீதம் எடுக்கலாம், இரண்டு மாதம் ஆனால் மிச்சத்தையும். 2025 அக்டோபரில் பிஎஃப் வாரியம் இதை மாற்ற முடிவெடுத்தது: 75 சதவீதம் உடனே, முழுத்தொகைக்கு 12 மாதக் காத்திருப்பு. எப்படியானாலும் அது நம் சொந்தச் சேமிப்பு, உதவி இல்லை. என்னோடு வெளியே வந்த ஒருவன் பென்ஷன் பங்கு உட்பட வழித்தெடுத்தான். 5 ஆண்டு சர்வீஸ் முடியாததால் வரிப்பிடித்தம் போனது, பென்ஷனுக்கு வேண்டிய 10 ஆண்டுக் கணக்கும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. நான் தொடவில்லை. அதற்குப் பதில் வீட்டு நகை அடகுக்குப் போனது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி இஎஸ்ஐ. திட்டத்தின் பெயர் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. வாயில் நுழையாததால் எல்லோரும் அடல் திட்டம் என்கிறார்கள். 2018 ஜூலை 1இல் சோதனை முயற்சியாகத் தொடங்கி, காலத்தை நீட்டித்து நீட்டித்து நடத்துகிறார்கள். ஆகவே உங்கள் வேலை போன தேதி அந்த நீட்டிப்புக்குள் வருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் சராசரிச் சம்பளத்தில் 25 சதவீதம்தான், அதுவும் 90 நாள் காத்திருந்த பிறகு. கொரோனா வந்ததும், 2020 மார்ச் 24 முதல், 50 சதவீதமாக்கிக் காத்திருப்பையும் 30 நாளாகக் குறைத்தார்கள். முன்பு கம்பெனி வழியாகப் போன விண்ணப்பத்தை நாமே நேராகப் போடலாம் என்றும் ஆனது. ஆயுளுக்கு ஒருமுறை, அதிகபட்சம் 90 நாளுக்கு.

தகுதி இதுதான். வேலை போவதற்கு முன் குறைந்தது 2 ஆண்டு இஎஸ்ஐக்கு உட்பட்ட வேலையில் இருந்திருக்க வேண்டும். இஎஸ்ஐ வருஷத்தை ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு அரையாண்டாக வெட்டுகிறது. வேலை போவதற்குச் சற்று முந்தைய அரையாண்டில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று அரையாண்டில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர், வயது முடிந்து ஓய்வு பெற்றவர், விருப்ப ஓய்வில் போனவர் கேட்க முடியாது. அந்த வெள்ளைத்தாள் ஏன் ஆபத்து என்பது இந்தக் கடைசி வரியைப் படித்தபோதுதான் உறைத்தது.

தொகைக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. பாதிச் சம்பளம் என்றால் கடைசி மாதச் சம்பளத்தில் பாதி இல்லை. முந்தைய நான்கு அரையாண்டுச் சம்பளத்தைக் கூட்டி 730 நாளால் வகுத்து, வருவதில் பாதி. என் சம்பளம் 14,500. இரண்டு வருஷம் ஒழுங்காக வந்திருந்தால் 3,48,000 ஆகியிருக்கும். 2021 ஊரடங்கில் இரண்டு மாதம் சம்பளம் இல்லை, ஆக 3,19,000. 730ஆல் வகுத்தால் நாளுக்கு சுமார் 437, பாதி 218.50. 90 நாளுக்கு 19,660 ரூபாய் சொச்சம். அந்த இரண்டு மாதம் என்னிடமிருந்து இரண்டாவது முறையும் ஒரு 1,800 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டது.

கொழுந்தியாளின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன்: 600 பெருக்கல் 36, 21,600 ரூபாய். கிட்டத்தட்ட ஒரே தொகைதான். அவளுக்கு ஐந்து வருஷம் காத்திருந்து மூன்று வருஷத்தில் வந்தது, எனக்கு வேலை போன அதே வருஷத்தில் வந்தது. வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் இதுதான் வித்தியாசம். இஎஸ்ஐ மத்திய அரசின் அமைப்பு என்பதால் முள்ளோடை எல்லையும் தொல்லை தரவில்லை.

ஆனால் சுலபமாக வந்தது என்று நினைக்க வேண்டாம். என்னை இழுத்தடித்தது தகுதி இல்லை, பதிவுகள்.

முதல் சிக்கல் பெயர். இஎஸ்ஐயில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். ஆறு வருஷமாக மருந்து வாங்கும்போது யாரும் கேட்கவில்லை, பணம் என்றதும் கேள்வி வந்தது. இரண்டாவதுதான் பெரிய சிக்கல். ஜூனில் நான் நின்றுவிட்டேன். கம்பெனியோ ஜூலைக் கணக்கில் என் பெயரை 0 நாள் என்று ஏற்றி, காரணம் என்ற இடத்தில் 'விடுப்பு' என்று போட்டிருந்தது. மாதாமாதம் கணக்கு ஏற்றும்போது 0 நாள் ஆட்களுக்குக் காரணம் ஒன்றைக் கம்பெனி தேர்ந்தெடுக்க வேண்டும்: விடுப்பு, வேலையை விட்டார், ஓய்வு, ஆட்குறைப்பு என்று பட்டியல் உண்டு. அக்கவுன்ட்ஸில் இருந்த பையன் முதலில் இருந்ததைத் தட்டிவிட்டான் போலிருக்கிறது. விளைவு, கணினியின் பார்வையில் நான் லீவில் இருக்கும் தொழிலாளி. லீவில் இருப்பவனுக்கு வேலையில்லாப் படி எதற்கு?

பிஎஃபில் இந்த வம்பு குறைவு. கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து, வேலையை விட்ட தேதியை நாமே இணையத்தில் பதியலாம். இஎஸ்ஐயில் என் விஷயத்தில் கம்பெனிதான் திருத்த வேண்டியிருந்தது. மூன்று முறை பஸ் ஏறினேன். முதல் தடவை கேட்டோடு திருப்பினார்கள். இரண்டாம் தடவை, "பாத்துக்கலாம்ப்பா." மூன்றாம் தடவை ஜூன் மாதச் சம்பள ரசீது, சூப்பர்வைசர் 12ஆம் தேதி இரவு வாட்ஸ்அப்பில் அனுப்பிய "நாளை முதல் வண்டி உங்களுக்கு நிக்காது" என்ற செய்தியின் பிரின்ட், என் பாக்கெட் டைரி மூன்றையும் மேசையில் வைத்தேன். டைரியில் 2019 முதல் வேலைக்குப் போன நாளுக்கெல்லாம் ஒரு கோடு. ஓவர்டைம் கணக்குக்காகத் தொடங்கிய பழக்கம். அதைப் பார்த்த மேனேஜர் அதற்குமேல் பேசவில்லை. கடைசி வேலைநாளைப் போட்டுத் திருத்திக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த பழக்கம்: ஒவ்வொரு மாதச் சந்தாவையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கம்பெனி கட்ட வேண்டும். எனவே செப்டம்பரில் முடியும் அரையாண்டை அக்டோபர் 15 தாண்டியும், மார்ச்சில் முடிவதை ஏப்ரல் 15 தாண்டியும் இஎஸ்ஐ தளத்தில் திறந்து, எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தைப் போனில் எடுத்து வைக்கிறேன். 26 நாள் வேலை பார்த்த மாதத்துக்கு 15 நாள் என்று ஏறியிருந்தால் அப்போதே கேட்டுவிடலாம். வேலை போன பிறகு கேட்டால் யார் பதில் சொல்வார்கள்? சம்பள ரசீதைக் காகிதமாக மட்டும் வைப்பதையும் விட்டுவிட்டேன். கடலூர்க்காரனுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. 2011 தானே புயலில் எங்கள் ஓட்டுக் கூரையோடு பெட்டியும் நனைந்தது. 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை பெருகியபோது, அக்கா வீட்டு பீரோவின் கீழ்த்தட்டு முழுக்கச் சேறு.

ஆலை மூடல், சட்டப்படியான ஆட்குறைப்பு என்றால் இஎஸ்ஐயிலேயே இன்னொரு திட்டம் இருக்கிறது. ராஜீவ் காந்தி ஸ்ரமிக் கல்யாண் யோஜனா, 2005 முதல். முதல் 12 மாதம் சம்பளத்தில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். காகிதத்தில் அடல் திட்டத்தைவிடப் பல மடங்கு பெரிது. எங்களுக்கு ஆட்குறைப்பு என்று எழுத்தில் எதுவும் தராததால் அந்தப் பக்கம் போகவில்லை. வாங்கிய ஆளையும் நான் நேரில் பார்த்ததில்லை. உங்கள் ஆலை முறைப்படி மூடப்பட்டிருந்தால் அடலுக்கு முன் இதைக் கேளுங்கள்.

அந்த ஆறு பேரில் நாங்கள் நால்வர் கையெழுத்துப் போடவில்லை. நால்வருக்கும் பணம் வந்தது, கடைசி ஆளுக்கு மட்டும் ஆதார் தேதி திருத்தத்தால் பொங்கல் தாண்டிவிட்டது. போட்ட இருவருக்கும் செட்டில்மென்ட் எங்களைவிட ஒன்பது நாள் முன்னதாகக் கிடைத்தது. அவர்கள் இஎஸ்ஐக்கு விண்ணப்பிக்கவே இல்லை. அதனால் அந்தத் தாள் அவர்களை உண்மையிலேயே தடுத்திருக்குமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஃபிட்டர் அண்ணனைக் கேட்டால், "தடுக்காமலா அவ்ளோ அவசரமா எழுதி வாங்குனான்?" என்கிறார்.