பக்கத்திலேயே உட்காருவதா, நோட்டை வாங்கிப் பார்ப்பதா?

பள்ளி ஆன்லைனுக்குப் போய்விட்டால் கணக்கில் பெற்றோர் செய்யக்கூடியது மூன்று: பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாம், பயிற்சிச் செயலியிடம் விட்டுவிடலாம், வகுப்பு முடிந்தபின் நோட்டை வாங்கிக் கால் மணி நேரம் பார்க்கலாம். என் ஓட்டு நோட்டுக்குத்தான்.

வாய்ப்பாடு மனதில் ஏறச் செயலி நல்லது. ஆனால் நாலில் ஒன்றைத் தொடும் கேள்விகளில், கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாலும் கால்வாசி சரியாகிவிடும். தப்பு என்று சிவப்பு காட்டும். எங்கே பிசகியது என்று பெரும்பாலும் காட்டாது.

பக்கத்தில் உட்காருவது முதல் வகுப்புப் பிள்ளைக்குத் தேவைதான். சிக்கல் என்னவென்றால், பிள்ளை பத்து விநாடி யோசித்தால் நமக்குப் பொறுப்பதில்லை, விடையைச் சொல்லிவிடுகிறோம். 2015இல் ‘சைக்காலஜிக்கல் சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று, கணக்கென்றாலே பதறும் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவியபோது, 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகள் அந்த ஆண்டில் கணக்கைக் குறைவாகவே கற்றதாகச் சொல்கிறது. உதவி குறைவாக இருந்த வீடுகளில் அந்தப் பாதிப்பு தெரியவில்லை.

வகுப்பறையில் ஆசிரியர் பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கும்போதே பிள்ளை போடும் விதத்தைப் பார்த்துவிடுவார். ஆன்லைனில் அவருக்குக் கிடைப்பது முடிந்த கணக்கின் போட்டோ. நாம் பக்கத்திலிருந்து திருத்திய நோட்டாக இருந்தால் அதிலும் ஒன்றும் தெரியாது. அதனால்தான் நோட்டு.

52 − 27 = 35 என்று இருக்கிறதா? 2இலிருந்து 7 போகாததால், 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறது பிள்ளை. 58 − 23 சரியாக வந்துவிடும் என்பதால் இது கவனக்குறைவு போலத் தோன்றும். உடனே 61 − 38 கொடுங்கள். 37 வந்தால் அதே பழக்கம். 33 வந்தால் கடன் வாங்கத் தெரிகிறது, பத்தில் ஒன்றைக் குறைக்க மறந்திருக்கிறது. 23 வந்தால் முந்தையது வெறும் கைப்பிசகாக இருக்கலாம். இன்னொன்று கொடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். 37க்கும் 33க்கும் மருந்து ஒன்றே: பத்துப் பத்தாகக் கட்டிய ஆறு குச்சிக்கட்டு, ஓர் உதிரிக்குச்சி. ஒரு கட்டைப் பிரித்தால் ஐந்து கட்டு, பதினொரு உதிரி. பிரிப்பது பிள்ளையின் கையாக இருக்கட்டும்.

ரப்பர் கூடாது, தப்பின் மேல் ஒரே ஒரு கோடு போதும். இரண்டு தப்பான கணக்கோடு ஒரு சரியான கணக்கையும் எடுத்து, “இதை எப்படிப் போட்டே?” என்று கேளுங்கள். தப்பை மட்டுமே கேட்டால், கேள்வி வந்ததுமே பிள்ளை விடையை மாற்றிவிடும். ½ + ⅓ = ⅖ என்று போட்டிருந்தால், “⅖ பாதியைவிடப் பெருசா, சின்னதா?” என்பதே போதும். நாம் படித்த முறையை நடுவில் நுழைக்க வேண்டாம். கீழ் வகுப்புகளில் இரண்டு முறையும் கலந்து குழம்பும்.

ஒன்பது, பத்தாம் வகுப்பு இயற்கணிதத்துக்கு இது எவ்வளவு தூரம் உதவும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அங்கே எந்த வரியில் தடம் மாறியது என்று குறித்து ஆசிரியருக்கு அனுப்புங்கள். “கணக்கு வரலை” என்று எழுதுவதைவிட “அடைப்புக்குறியை நீக்கும்போது மைனஸ் மாறுவதில்லை” என்று எழுதினால் அவருக்கு வேலை பாதி முடிந்தது.