பந்திங்கில் காசும் நகையும் தேட ஒரு நாள்: லயத்தடியா, கோயில் திடலா, மோரிப் கடற்கரையா?

கையில் மெட்டல் டிடெக்டர் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையும் இருக்கிறது. சிலாங்கூரின் பந்திங் வட்டாரத்தில் எங்கே போவது? இதில் புதிதாக இறங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். தோட்டத்துக்குள் பழைய லயங்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இருந்த இடம், தோட்டக் கோயிலின் திடல், மோரிப் கடற்கரை என்று மூன்று வழிகள் உண்டு. காசுக்கு லயத்தடி, நகைக்குத் திடல் என்பது என் முடிவு. மோரிப்பை மூன்றாவதாகத்தான் வைப்பேன்.

லயங்களை இடித்துச் செம்பனை நட்ட இடத்தில், வீடு எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. செம்பனை வரிசைக்கு நடுவே ஒரு மாமரமோ முருங்கையோ தனியாக நின்றால், அந்தப் பக்கம் யாருடைய வாசலோ இருந்திருக்கிறது. உடைந்த சிமெண்டுத் தளம் கண்ணில் பட்டால் இன்னும் நல்லது, அது பொதுக் குழாயடியாக இருக்கலாம். நான் முதலில் தேடச் சொல்வது அங்கேதான். குளிக்கும்போது கழன்ற மெட்டி, துவைக்கும்போது சட்டைப் பையிலிருந்து நழுவிய காசு எல்லாம் சாக்கடை ஓரத்துச் சேற்றில் இறங்கியிருக்கும். அடுத்து, கள்ளுக்கடை இருந்த இடம். அப்புறம் சம்பளம் போட்ட ஆபீஸ் வாசல்.

இங்கே கிடைப்பது மூன்று தலைமுறையின் சில்லறை. ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை பொறித்த சதுர ஒரு காசு (ஒரு சென்ட்), 1956 முதல் 1961 வரை அடித்த எலிசபெத் ராணியின் சதுரக் காசு, 1967இல் வந்த நாடாளுமன்றக் கட்டடம் போட்ட சென் காசுகள். 1939 முதல் 1941 வரை வந்த மலாயா 10 காசில் 75 சதவீதம் வெள்ளி. 1943, 1945 காசுகளில் அது பாதியாகக் குறைந்தது. 1948இலிருந்து வெள்ளியே கிடையாது. செம்பனைக்குப் போடும் உரம் செம்பை அரித்துவிடுவதால் சதுரக் காசு பச்சைக் கட்டியாகத்தான் வரும். கட்டைவிரலால் தேய்க்காதீர்கள், எழுத்தும் சேர்ந்து உரிந்துவிடும். தண்ணீரில் ஊறவிட்டால் முதலில் மழுங்கிய ஒரு மூலை தெரியும், பிறகு மன்னரின் கழுத்து. ரப்பர் பால்மரம் சீவியவர்கள் மடியில் முடிந்து வைத்திருந்த காசு அது. அது கையில் வரும்போது எனக்கு விலை நினைவுக்கு வருவதே இல்லை.

லயத்தடியின் தொல்லை இரும்பு. கூரைத் தகரம், ஆணி, பால் கோப்பையைத் தாங்கிய கம்பி வளையம் என்று அடிக்கு அடி சத்தம் வரும். டிடெக்டரின் அடியில், தரையைத் துழாவும் வட்டத் தலையாகப் பெரிய சுருள் மாட்டினால் ஆணியும் காசும் ஒரே சத்தமாகக் குழம்பிவிடும். ஆறு அங்குலச் சுருள் போதும். ஆழம் குறையும், ஆனால் ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் காசு தனியாகக் கேட்கும்.

தோட்டம் நிர்வாகத்துக்குச் சொந்தமானது. மானேஜரிடம் கடிதம் வாங்காமல் நுழையக்கூடாது, வாசல் காவலாளி தலையாட்டினால் போதாது. மரபுச் சின்னம் என்று எண்ணத்தக்க பழம்பொருள் ஏதும் கிடைத்தால் 2005ஆம் ஆண்டு தேசிய மரபுச் சட்டப்படி மாவட்ட அதிகாரிக்கோ மரபு ஆணையருக்கோ தெரிவிக்க வேண்டும்.

திடல் கதை வேறு. பெட்டிக்குள் இருக்கும் நகை திருவிழாவுக்குத்தான் வெளியே வரும். கூட்டத்தில் தோட்டின் திருகு கழலும், பிள்ளையின் மோதிரம் நழுவும். ஆனால் அதே கூட்டம் சேலை ஊக்கு, பாட்டில் மூடி, டின் மூடியின் இழுப்பு வளையம், சிகரெட் அலுமினியத் தாள் எல்லாவற்றையும் விட்டுப் போயிருக்கும். மெல்லிய தங்க மோதிரமும் டின் வளையமும் டிடெக்டரில் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். வளையத்தைத் தோண்டச் சலித்தவருக்குத் தங்கம் கிடைக்காது. சங்கிலி இன்னும் கடினம். கண்ணிகள் சிறியவை, கொக்கிதான் லேசாகக் குரல் கொடுக்கும். சின்னத் தங்கத்துக்கு 15 முதல் 20 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடும் கருவி நல்லது. லயத்தடி வெள்ளிக்கு 8 கிலோஹெர்ட்ஸோ அதற்குக் கீழோ தாராளம்.

கோயில் தலைவரிடம், "ஐயா, திடலைத் தேடிப் பார்க்கலாமா? கிடைக்கிற நகையை உங்களிடமே கொடுத்துவிடுகிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது யாரோ அழுதுகொண்டே தேடிய தோடு, அதைக் கடைக்குக் கொண்டுபோய் எடை போடுவது எனக்குச் சம்மதமில்லை. பிள்ளைகள் பந்து விளையாடும் இடம் என்பதால் புல்லோடு மண்ணைப் பெயர்த்து, பார்த்தபின் அப்படியே பதித்து மிதித்துவிடுங்கள்.

மோரிப் பக்கத்தில்தான் இருக்கிறது, போய் வருவது சுலபம். ஆனால் கடல் வற்றினால் வெகுதூரம் சேறு. கனமான தங்கம் அதில் இறங்கினால் சுருளுக்கு எட்டாது. உப்பு ஈரத்தில் ஒற்றை அலைவரிசைக் கருவி ஓயாமல் கத்தும், பல அலைவரிசைக் கருவி வேண்டும். அது இல்லாதவர்கள் மேலே காய்ந்த மணலில், குடும்பங்கள் பாய் விரிக்கும் மர நிழலில் தேடலாம். பெரும்பாலும் புதுச் சில்லறைதான். இன்னொன்று: 1945 செப்டம்பர் 9 அன்று பிரிட்டிஷ் இந்தியப் படைகள் கரையிறங்கிய கடற்கரை இது. தோண்டும்போது குண்டு போல எதையாவது கண்டால் தொடாமல் விலகி நின்று போலீஸை அழையுங்கள்.