மிஞ்சிய சரக்கை யார் வாங்குவது? செயின் மார்க்கெட்டிங்கும் இட்லி மாவும் செய்து பார்த்தவளின் கணக்கு

வீட்டிலிருந்தபடியே மாதம் ஐந்தாயிரம், பத்தாயிரம் பார்க்க என்ன வழி என்று கேட்டால் எங்கள் திருப்பூர்ப் பக்கம் மூன்று பதில் வரும். சத்துப் பவுடரும் பற்பசையும் விற்கும் செயின் மார்க்கெட்டிங். இட்லி மாவு போல ஏதாவது கைவேலை. இல்லாவிட்டால் எல்.ஐ.சி. ஏஜென்சி. முதலாவதை எட்டு மாதம் செய்தேன். இரண்டாவதை இரண்டு வருடமாகச் செய்கிறேன். மூன்றாவது என் சித்தியின் தொழில், எனக்குக் கேள்வி ஞானம்தான். நான் எந்தக் கட்சி என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. இதை எழுதும்போதும் பின்கட்டில் கிரைண்டர் ஓடுகிறது.

முதலீடு, நேரம் எல்லாம் பெரிய விஷயமில்லை, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். செயினில் சேரக் கட்டணம் இல்லை. ஆனால் முதல் நாளே 3,500 ரூபாய்க்குச் சரக்கு எடுக்கச் சொன்னார்கள். பழைய பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர் 14,000 ரூபாய். உடம்பு வலிப்பது மாவில், வாய் வலிப்பது செயினில்.

"நீங்க ஆறு பேரைச் சேருங்க, அவங்க ஆளுக்கு ஆறு பேரைச் சேர்ப்பாங்க" என்று போர்டில் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டுவார்கள். அந்தக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து நானே போட்டுப் பார்த்தேன். பத்தாவது வரிசை முடியும்போது மொத்தம் 7 கோடியே 25 லட்சம் பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 7 கோடியே 21 லட்சம்தான், தொட்டில் குழந்தையையும் சேர்த்து. இது எல்லாரும் சொல்லும் வாதம் என்பதால் இதோடு விடுகிறேன். என்னைக் கவிழ்த்தது வேறு.

என்னைக் கவிழ்த்தது பீரோவின் மேல்தட்டு.

ஒவ்வொரு மாதமும் 'ஆக்டிவ்'வாக இருந்தால்தான் கமிஷன் வரும். ஆக்டிவ்வாக இருக்க மாதம் 3,500 ரூபாய்க்குச் சரக்கு எடுத்து பாயிண்ட் சேர்க்க வேண்டும். விற்றதா என்று யாரும் கேட்கவில்லை, எடுத்தேனா என்றுதான் கேட்டார்கள். எட்டு மாதத்தில் 28,000 ரூபாய்க்கு எடுத்தேன். அதில் வெளியாளுக்கு விற்றது, நான் எடுத்த விலைப்படி, 9,000 ரூபாய்ச் சரக்கு. அதற்குக் கைக்கு வந்தது 10,200. எனக்குக் கீழே சேர்ந்த நான்கு பேர் வழியாக வந்த கமிஷன் மொத்தம் 2,150. மண்டபத்தில் நடக்கும் கூட்டத்துக்கு டிக்கெட், பஸ், சாப்பாடு என்று போனது 4,600. ஆக, போனது 32,600, வந்தது 12,350. மீதிக்கு பீரோ மேல் டப்பாக்கள் இருந்தன. "நாமளே யூஸ் பண்ணிக்கலாம், எப்படியும் பற்பசை வாங்கத்தானே போறோம்" என்பார் அப்லைன் அக்கா, அதாவது செயினில் எனக்கு மேலே இருப்பவர். சரிதான், வாங்கத்தான் போகிறோம். ஆனால் மாதம் மூவாயிரம் ரூபாய்க்குப் பல் துலக்குகிற குடும்பம் எங்களுடையது இல்லை.

அந்த 9,000 ரூபாய்ச் சரக்கை வாங்கியவர்கள் யார் என்று ஒரு நாள் நோட்டைப் புரட்டினேன். நாத்தனார், பெரியம்மா மகள், என் மகளுடைய டியூஷன் டீச்சர், எதிர்வீட்டுப் பாட்டி. அத்தனையும் தாட்சண்யம். நான் போன் செய்யாமல் இரண்டாவது முறை கேட்டு வாங்கியவர் ஒருவரும் இல்லை. பெரியம்மா மகள் அதற்கப்புறம் என் போனையே எடுக்கவில்லை, அது தனிக்கதை. என் கீழ் இருந்த நால்வர் வீட்டிலும் இதே பீரோ, இதே டப்பா. அப்படியென்றால் எனக்கு வந்த கமிஷன் எந்த வாடிக்கையாளர் கொடுத்தது? அவர்கள் பீரோவில் அடுக்கியதிலிருந்து வந்ததுதான். விற்கிறவரும் நாங்கள்தான், வாங்குகிறவரும் நாங்கள்தான்.

இது எனக்கு மட்டும் தோன்றிய சந்தேகம் இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. அமெரிக்காவில் 1979-லேயே ஆம்வே என்கிற செயின் கம்பெனி மீதான வழக்கில் இதைத்தான் தோண்டினார்கள். எடுத்த சரக்கில் 70 சதவீதமாவது மாதாமாதம் விற்றிருக்க வேண்டும், மாதம் பத்து சில்லறை வாடிக்கையாளருக்காவது விற்றிருக்க வேண்டும் என்று அந்தக் கம்பெனியிடம் விதிகள் இருந்தன. சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் விதியும் இருந்தது. இது பிரமிடு இல்லை, அதாவது சரக்கு விற்காமல் ஆள் சேர்ப்பதிலேயே காசு பார்க்கும் திட்டம் இல்லை என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் சொன்னதற்கு இவை முக்கியக் காரணம். 2016-ல் ஹெர்பாலைஃப் என்கிற இன்னொரு செயின் கம்பெனி 20 கோடி டாலர் கட்டி அதே ஆணையத்துடன் சமரசத்துக்கு வந்தபோதும், கொடுக்கும் கமிஷனில் மூன்றில் இரண்டு பங்காவது நிரூபிக்கப்பட்ட சில்லறை விற்பனையிலிருந்து வர வேண்டும் என்பது நிபந்தனை. 2024-ல் அந்த ஆணையத்தின் ஊழியர்கள் எழுபது கம்பெனிகளின் வருமான அறிக்கைகளைப் படித்துப் பார்த்தார்கள். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வருடத்துக்கு ஆயிரம் டாலரோ அதற்குக் குறைவாகவோதான் பார்த்திருந்தார்கள். பல அறிக்கைகளில் செலவைக் கழிக்கவே இல்லை. கூட்டத்துக்குப் போன பஸ் கட்டணத்தை நானும் முதலில் கழிக்கவில்லைதான்.

"அரசாங்கமே அனுமதி கொடுத்திருக்குது" என்றும் சொல்வார்கள். நம் நாட்டில் செயினுக்கு விதிகளில் உள்ள பெயர் நேரடி விற்பனை; 2021 டிசம்பரில் வந்த அந்த நேரடி விற்பனை விதிகள் பிரமிடு திட்டங்களைத் தடை செய்கின்றன. ஒப்பந்தம் போட்ட புதிதில், குறிப்பிட்ட நாட்களுக்குள் அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ளவும் வழி வைத்திருக்கின்றன. ஆளைச் சேர்ப்பதற்கே காசு கொடுக்கும் பணச்சுழற்சித் திட்டங்களுக்கு 1978-லேயே தடைச் சட்டம் உண்டு. இவையெல்லாம் கம்பெனி எப்படி நடக்க வேண்டும் என்பதைச் சொல்பவை. எனக்கு வருமானம் வரும் என்று எந்த விதியிலும் எழுதவில்லை.

இனி மாவு. இங்கே புருஷன், பெண்டாட்டி இருவரும் பனியன் கம்பெனிக்குப் போகிற வீடுகள்தான் அதிகம். இரவு எட்டரைக்கு வந்து யார் மாவு ஆட்டுவது? ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து, கொஞ்சம் வெந்தயம். ஏறக்குறைய மூன்று கிலோ மாவு வரும். அரிசி, உளுந்து, கரண்ட், கவர் எல்லாம் சேர்த்து 90 ரூபாய். கிலோ 50 என்று விற்றால் கிலோவுக்கு 20 ரூபாய் நிற்கும். நாளைக்கு 15 கிலோ, மாதம் 26 நாள், 7,800 ரூபாய். கார் வாங்க முடியாது; வீட்டு வாடகை கட்டலாம்.

மிஞ்சினால்? முதல் வாரம் தினமும் நான்கைந்து கிலோ மிஞ்சியது. மறுநாள் ஊத்தப்பம், அதற்கு மறுநாள் பணியாரம், அப்புறம் புளித்து நாறியது. ஆனால் ஆட்டியது அதிகம் என்பதை மாவு இரண்டே நாளில் முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டது. எட்டாம் நாள் பத்து கிலோவுக்குக் குறைத்தேன். பவுடர் டப்பாவோ இரண்டு வருட எக்ஸ்பைரி தேதியோடு பேசாமல் உட்கார்ந்திருந்தது. நஷ்டம் தெரியவே எட்டு மாதம் ஆனது. மூன்றாவது வாரம் முன்பின் தெரியாத ஒருவர் கூப்பிட்டு, "ஏனுங்க்கா, நாளைக்கு மாவு இருக்குதுங்களா?" என்றார். அந்த ஒரு போன் எட்டு மாதச் செயினில் வரவே இல்லை.

விட்டுவிட்டு வருவதென்றாலும் வித்தியாசம் இருக்கிறது. கிரைண்டரை நாளைக்கே எந்த டிபன் கடைக்காரரிடமும் பாதி விலைக்காவது தள்ளிவிடலாம். பிரித்த பவுடர் டப்பாவை யாரிடம் தள்ளுவது? பிரிக்காததைக்கூட அப்லைன் அக்கா திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. விதிப்படி கம்பெனிக்கே எழுதியிருக்க வேண்டும்; அப்போது எனக்குத் தெரியாது.

மாவிலும் தொல்லை உண்டு. சித்திரை வெயிலில் பொங்கி வழியும், மார்கழியில் பொங்கவே பொங்காது. மின்வாரியம் பராமரிப்புக்கு நிறுத்துகிற நாளில் வியாபாரமே கிடையாது. தீபாவளி, பொங்கலுக்கு ஊரே காலியாகிவிடும். குழவி தேய்ந்தால் கல் கொத்தும் ஆளைத் தேடி அலைய வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும்; நான் பதிந்தபோது வருடத்துக்கு 100 ரூபாய்.

எல்.ஐ.சி. பற்றி அரைகுறையாகத்தான் சொல்ல முடியும். பயிற்சி, தேர்வு எல்லாம் முடித்தால்தான் ஏஜென்ட் ஆக முடியும். பீரோவில் அடுக்கச் சரக்கு இல்லை, அது பெரிய நிம்மதி. முதல் வருடக் கமிஷன் அதிகம், அப்புறம் பிரீமியம் கட்டக் கட்டக் கொஞ்சம் கொஞ்சமாக வரும். ஆனால் சித்தியின் முதல் பத்து பாலிசியும் சொந்தக்காரர்களுடையதுதான். அதிலும் தாட்சண்யம் இருக்கிறது. பாதியில் கட்டாமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிட்டார். பேசிப் பழகத் தெரிந்தவர்களுக்கு மாவைவிட அது நல்லதாக இருக்கலாம். எனக்குப் பேச வராது.

மாவிலும் 20 கிலோவுக்கு மேல் என் கை தாங்காது. அதைத் தாண்ட வேண்டுமென்றால் ஒரு ஆள் வேண்டும், இன்னொரு ஃபிரிட்ஜ் வேண்டும். கிலோவுக்கு 20 ரூபாய் நிற்பதில் அந்த ஆளுக்குச் சம்பளம் போக எவ்வளவு மிஞ்சும் என்று இந்த வாரம்தான் நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.